கடலை "மெதுவான தரை"ன்னு வெச்சா என்ன தப்பு? (கடாரம் மேப், கப்பல், கரையிறக்கம்)

ஜூன் 8, காலை. சூலூர்த் தம்பியோட கேள்வி

அண்ணா, ராஜேந்திர சோழனோட 1025 கடாரப் படையெடுப்பை (கடாரம்னா இப்ப மலேசியாவுல இருக்கற கெடா) வெச்சு ஒரு டர்ன் பேஸ்டு, அதாவது மாறி மாறி ஆடற ஆட்டம் பண்ணிட்டிருக்கேன். கப்பலையே தூக்கிட்டேனுங்க. படை கடற்கரைக்கு வந்தா தானா கப்பலாயிடும். கடல் கட்டத்துல பாதி வேகம், கொஞ்சம் காசு கழியும், அக்கட்ட போய் எறங்கினா முதல் சண்டையில பலம் குறையும். அவ்வளவுதான். பெரிய பெரிய கேமே இப்படித்தானே பண்ணுது? கடல்ங்கறது மெதுவான தரை. இதுல என்ன தப்புங்ணா?

ஜூன் 8, பொழுதோட. என்ற பதில்

தப்புன்னு ஒரேயடியாச் சொல்லமாட்டேன். சிவிலைசேஷன் 5-ல ஆப்டிக்ஸ்ங்கற கண்டுபிடிப்பைப் படிச்ச உடனே வேல்காரன் தண்ணியில எறங்கிப் போயிடுவான். டோட்டல் வார் ரோம் 2-லயும் படை கரையைத் தாண்டினா தானா கப்பலாகுது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல கப்பல் கட்டணும், ஆனா கப்பல்ல ஆனைக்கும் ஒரு சீட்டு (எடம்), அம்புக்காரனுக்கும் ஒரு சீட்டு. ஆளாளுக்கு எதையோ வெட்டியிருக்காங்க. நீ வெட்டினது வெட்டக்கூடாத எடத்துல.

பாதி வேகம்ங்கறதே தலைகீழு. மாட்டு வண்டி கட்டிட்டுப் போற படை ஒரு நாளைக்கு 15–20 கி.மீ. போனாப் பெருசு. கப்பல் 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) வேகத்துல ராப்பகலாப் போனா 72 கடல் மைல், 130 கி.மீ.க்கு மேல. மாடும் ஆளும் படுத்துத் தூங்கணும், காத்து தூங்கறதில்ல. தரையை விடக் கடல் ஏழு மடங்கு வெசை. காசும் நேரமும் போறது ரெண்டு முனையில, ஏத்தறதுலயும் எறக்கறதுலயும். ரெண்டு பக்கமும் ரயில்வே கேட்டு போட்ட பைபாஸ்னு வெச்சுக்கோ. ரோடு நல்லாத்தான் இருக்குது, கேட்டுல நின்னே பொழுது போயிடும்.

கணக்குப் போடு. தரை 18 கி.மீ., கடல் 130, ஏத்த 3 நாள், எறக்க 3 நாள். தூரம் 125 கி.மீ. ஆகறப்பத்தான் ரெண்டும் சமமாகும். ஏறக்குறைய கோயமுத்தூர்ல இருந்து கரூர். அதுக்குக் கீழன்னா நடந்தே போயிடலாம், மேலன்னா கப்பல். உன்ற விதி இதுக்கு நேர் எதிரா வேலை செய்யும்: நாலு கட்டம் தள்ளி இருக்கற ஊருக்குக் கப்பல்ல போவான், கடாரத்துக்குப் போக ரோசனை பண்ணுவான்.

ஜூன் 9

திருப்பூர்க்காரர் ஒருத்தர், "ஏத்தறதுக்கு 3 நாளா? 40 அடி கன்டெய்னரையே மூணு மணி நேரத்துல ஸ்டஃப் பண்ணிடறோமே"ன்னு கேட்டிருக்காரு. அவருக்குத் தெரிஞ்ச விசயத்துலயே பதில் இருக்குது. ஒரே பையருக்குப் (வாங்கறவருக்கு) போற பெட்டின்னா சிபிஎம் (கன மீட்டர்) பார்த்து இண்டு இடுக்கு விடாம அடைச்சுடலாம். ஒரே கன்டெய்னர்ல மூணு பேரோட சரக்கு, முதல்ல எறங்க வேண்டியது கதவோரம் இருக்கணும்னா? கடைசில எறங்கறதை முதல்ல உள்ள தள்ளணும், நடுவுல இடம் வீணாகும், எது எங்கன்னு லிஸ்ட் வேணும். படைக் கப்பலும் அதே சோலிதான்.

இதைக் கோட்டை விட்டதுக்குப் பேர்போன உதாரணம் முதல் உலகப் போர்ல துருக்கியோட கலிப்போலி, 1915. பிரிட்டிஷ்காரங்க கப்பல்ல சரக்கு ஏத்தினது சாதாரணப் பயணத்துக்கு ஏத்தற மாதிரி. பீரங்கி ஒரு கப்பல்ல, அதோட குண்டு வேறொரு கப்பல்ல. பக்கத்து லெம்னோஸ் தீவுல முட்ரோஸ் துறைமுகத்துல அதை எறக்கி மாத்தி அடுக்க வசதி இல்லாம, அலெக்ஸாண்ட்ரியாவுக்குத் திரும்பிப் போய் அடுக்கினாங்க. மார்ச் 18 கடற்படைத் தாக்குதல் தோத்துப்போச்சு, தரைப்படை எறங்கினது ஏப்ரல் 25. அந்த இடைவெளியில ஜெர்மன் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸ் தலைமையில துருக்கிப் படை கரை முச்சூடும் குழி வெட்டி ஒக்காந்துருச்சு.

விதி இப்படி வெச்சுப் பாரு. நெருக்கி ஏத்தறதுன்னா 2 நாள், கப்பல் முழுக் கொள்ளளவும் புடிக்கும், எறங்கறப்ப எது முதல்ல வரும்னு சீட்டுக் குலுக்கணும். வரிசைப்படி ஏத்தறதுன்னா 4 நாள், கொள்ளளவு முக்கால்தான், எறங்கற வரிசை நீ வெச்ச வரிசை. போர்டுல வெளையாடறவங்களுக்கு இன்னும் லேசு. படையைக் குறிக்கற வில்லைகளை (காய்களை) டிபன் கேரியர் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடு, மேல இருக்கற தட்டுதான் முதல்ல எறங்கும். நெருக்கி ஏத்தினவன் கண்ணை மூடிட்டு அடுக்கணும்.

ஜூன் 11

குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வர்ற குதிரையை லாரியில ஏத்தறதைப் பார்த்தவங்களுக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் "ஒரு சீட்டு" சிரிப்பா இருக்கும்.

ஆளுக்கும் குதிரைக்கும் என்ன விகிதம்னு பழைய ரேட்டு ஒண்ணு கையில இருக்குது. 1201-ல நாலாம் சிலுவைப் போருக்கு வெனிஸ்காரங்க போட்ட ஒப்பந்தம்: 4,500 குதிரை, 4,500 வீரர், 9,000 பரிவாரம், 20,000 காலாள். குதிரைக்கு 4 வெள்ளி மார்க், ஆளுக்கு 2 மார்க். கூட்டிப் பாரு, 18,000 + 67,000 = 85,000 மார்க். ஆகக் குதிரை ஆளை விட ரெண்டு மடங்கு. இதையே விதியா வெச்சுடலாம்.

(அதுல மூணுல ஒரு பங்கு ஆளுதான் வெனிசுக்கு வந்து சேர்ந்தாங்க, கப்பல் முச்சூடும் கட்டியாச்சு, காசு கட்ட முடியல. அந்தக் கடன் கடைசில கான்ஸ்டான்டிநோபிளைத் தாக்கற வரைக்கும் கொண்டு போய் விட்டுச்சு. "கப்பல் வாடகை பாக்கி"ங்கறதை ஆட்டத்துல ஒரு சீட்டா வெச்சாலே சுவாரசியம்தான்.)

ஜூன் 12, காலை

நேத்து சொன்னதை அழிச்சுடுங்க. விலை வேற, எடம் வேற. வெனிஸ் ரேட்டு பேரம் பேசின ரேட்டு. கப்பலுக்குள்ள என்ன ஆகுதுன்னு பார்த்தா:

ஆளுக்கு ஒரு நாளைக்குத் தண்ணி 3 லிட்டர், அரிசி அவல்னு 1 கிலோ. குதிரைக்குத் தண்ணி 30 லிட்டர், புல்லும் கொள்ளும் சேர்த்து 10 கிலோ. எப்படிப் பார்த்தாலும் 10-க்கு 1.

நாகப்பட்டினத்துல இருந்து கடாரத்துக்கு நேர்க்கோட்டுல சுமார் 1,250 கடல் மைல். 3 நாட்ல 17–18 நாள், கைக்காவலுக்கு 20 நாள்னு வெச்சுக்கலாம். 3,000 ஆளுக்குத் தண்ணி 180 டன், சோறு 60 டன், மொத்தம் 240 டன். 300 குதிரைக்கும் அதே 240 டன். பானை, தொட்டி எடை தனி. குதிரை நிக்கற எடமும் தனி: ஆளு கால் மடக்கிப் படுப்பான், குதிரை 20 நாளும் நிக்கும்.

அதனால ரெண்டு மடங்குங்கறது போய்ப் பத்து மடங்கு. பத்து மடங்குன்னு வெச்சதும் ஆட்டம் மாறிப்போகும், ஆட்டக்காரன் குதிரையை வீட்டுலயே விட்டுட்டுப் போவான். அது தப்பில்ல. கி.மு. 415-ல ஏதென்ஸ் சிசிலிக்கு அனுப்பினது 134 முத்தட்டுக் கப்பல், 5,100 கனரகக் காலாள். குதிரைக் கப்பல் ஒண்ணே ஒண்ணு, 30 குதிரை. அங்க சிராக்யூஸ் ஊர்க்காரனோட குதிரைப்படைக்கு முன்னால அல்லாடினதும் அடுத்த வருசம் 250 குதிரைவீரரை அனுப்பினாங்க, சேணம் லகானோட, குதிரை இல்லாம. குதிரையை அங்கயே தேடிக்கச் சொல்லிட்டாங்க. இதையும் விதியாக்கு: "நடந்து வந்த குதிரைவீரன்" வில்லை. எறங்கின ஊர்ல நட்பு ஊர் இருந்தா ரெண்டு டர்ன்ல குதிரை கெடைக்கும், இல்லாட்டிக் கடைசி வரைக்கும் காலாள்தான்.

ஜூன் 12, ராத்திரி

ஆனை கேட்டவங்களுக்கு: ஒரு ஆனை நாளைக்கு 150 லிட்டர் குடிக்கும்னு வெச்சா அஞ்சு குதிரை. கப்பல்ல ஆனை போனது புதுசில்ல. கி.மு. 280-ல கிரேக்க அரசன் பிர்ரஸ் 20 ஆனையோட இத்தாலிக்குப் போனான், வழியில புயலடிச்சுக் கப்பலெல்லாம் செதறுச்சு. மெசினா ஜலசந்தி மாதிரிக் குட்டைத் தூரத்துக்கு ரோமானியங்க தாழிகளை வரிசையாக் கட்டி, மேல பலகை போட்டு, தெப்பமாக்கி நூத்துக்கு மேல ஆனையைக் கடத்தினாங்க. ஒரு கொம்பனைக் கும்கி வெச்சு வனத்துறை லாரியில ஏத்தறதுக்கே நம்ம பக்கம் ஒரு நாள் ஆகுது. கடார மேப்புல ஆனையைத் திரும்பி வர்ற சரக்கா மட்டும் வை. ராஜேந்திரனோட மெய்க்கீர்த்தி (கல்வெட்டுல வர்ற புகழ்ப்பாட்டு) சொல்றதும் கடாரத்து அரசனோட ஆனைகளைப் புடிச்சதைத்தான்.

ஜூன் 15

காத்து. பல்லடம், உடுமலைப் பக்கம் காத்தாலை இந்த மாசத்துல எதனால இப்படிச் சுத்துதுன்னு தெரிஞ்சவனுக்குக் கடல் விதி பாதி முடிஞ்சுது. பாலக்காட்டுக் கணவாய்ல நுழைஞ்சு வர்ற அதே தென்மேற்குக் காத்துதான் வங்கக் கடல்ல கப்பலைக் கிழக்கே தள்ளும்.

ஒரு டர்ன் 5 நாள்னு எடுத்துக்கோ. ஜூன்–செப்டம்பர்: கிழக்கே முழு வேகம், மேற்கே போக முடியாது. டிசம்பர்–பிப்ரவரி: மேற்கே முழு வேகம், கிழக்கே பாதி. மார்ச்–மே: காத்து மந்தம், ரெண்டு பக்கமும் மூணுல ரெண்டு பங்கு. அக்டோபர்–நவம்பர்: சோழ மண்டலக் கரையில நங்கூரம் போட்டு நிக்கற கப்பலுக்குக் கூட ஒவ்வொரு டர்னும் ரெண்டு ஆறு முகப் பகடை உருட்டணும். 2, 3, 4 விழுந்தா பாதிக் கப்பல் போச்சு. ஆறுல ஒரு வாய்ப்பு.

"நிக்கற கப்பலுக்குக் கூட"ங்கறதுதான் இதுல சூட்சுமம். கிழக்குக் கரை முச்சூடும் தெறந்த வெளி. 1746 செப்டம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லா போர்டொனே சென்னையைப் புடிச்சாரு, அக்டோபர் நடுவுல அடிச்ச புயல் அவர் கப்பல்களை நங்கூரத்துலயே சிதைச்சுது. 1748-ல பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பாஸ்கவன் பாண்டிச்சேரி முற்றுகையை அக்டோபர்ல மழைக்குப் பயந்து விட்டுட்டுப் போனாரு. அப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாத்தின கப்பல்கள்ல நாமூர்ங்கற கப்பலை அடுத்த வருசம் ஏப்ரல்ல கடலூர்ப் பக்கத்துல புயல் வாரிட்டுப் போச்சு, 500-க்கு மேல ஆளு. அதனால மார்ச்–மேக்கும் உருட்டு, 2 விழுந்தா மட்டும் ஆபத்து. ஆட்டக்காரன் எந்த மாசத்துலயும் நிம்மதியாத் தூங்கக்கூடாது.

இந்தப் பக்கத்துல ஒரே பெரிய இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. 1025-ல வட ஈழம் சோழர் கையில இருந்துது. அங்க ஒதுங்கின கப்பலுக்கு உருட்டல் வேண்டாம்னு வெச்சா, ஈழத்தை எதுக்குப் புடிச்சு வெச்சிருக்கோம்னு ஆட்டக்காரனுக்குத் தானாப் புரியும்.

ஜூன் 16

காங்கயத்து அண்ணன் கேட்டது: "கடல் ஏழு மடங்கு வெசைன்னா, அந்தக் காலத்துல கேரளக் கரை முசிறியில எறங்கின சரக்கை எதுக்குங்க பாலக்காட்டுக் கணவாய் வழியாக் கொடுமணல், கரூர்னு மாடு கட்டி இழுத்தாங்க? கப்பல்லயே சுத்தி வந்திருக்கலாமே?"

வர முடியாதுங்க. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல தண்ணி முழங்கால் அளவு எடமெல்லாம் இருக்குது, பெருங்கப்பல் போகாது. ஈழத்தைச் சுத்தணும்னா மேற்குக் காத்துல வந்த கப்பல் அடுத்த காத்துக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும். அதோட வாங்க வந்த சரக்கே இங்கதான இருந்துது: படியூர் பச்சைக்கல்லு, கொடுமணல் மணி. மேப்புல பாக் ஜலசந்தியைச் சிறு படகுக்கு மட்டும் தெறந்து வை தம்பி. ஒரே ஒரு கோடு, ஆனா மேப்போட கெழக்கையும் மேற்கையும் ரெண்டு தனி ஆட்டமாப் பிரிச்சுடும்.

"கடலே இல்லாத சீமையில ஒக்காந்துட்டுக் கப்பல் விடறீங்களே"ன்னு இன்னொருத்தர். பவானியில பரிசல் ஏறியிருப்பீங்கல்லங்க. எத்தனை பரிசல் இருந்தாலும் கூடுதுறைப் படியில ஒரு நேரத்துக்கு எத்தனை ஒதுங்க முடியும்? அதுதான் அடுத்த சேதி.

ஜூன் 19

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 ஆட்டத்துல கப்பல்ல இருந்து எறங்கி அடிக்கறவனுக்குத் தாயத்துல 2 குறையும். தம்பி வெச்சதும் அதுதான். இதுக்கு அடியில ஒரு நெனப்பு இருக்குது: எதிரி கரையில வரிசை கட்டி நிக்கறான்னு. பழைய காலத்துல பெரும்பாலும் நிக்கறதில்ல. 1066 செப்டம்பர் 28 நார்மண்டி வில்லியம் இங்கிலாந்துல பெவன்சியில எறங்கறப்ப எதிர்க்க ஆளே இல்ல. தெற்குக் கரையைக் காத்த ஊர்ப்படை சோறு தீர்ந்து செப்டம்பர் 8-லயே வீட்டுக்குப் போயாச்சு. இங்கிலாந்து ராஜா ஹெரால்டு வடக்கே, 25-ந் தேதிதான் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ்ல வேறொருத்தனை அடிச்சு முடிச்சிருந்தாரு. ஹேஸ்டிங்ஸ் சண்டை அக்டோபர் 14. எறங்கி 16 நாள் கழிச்சு.

கரையில நடக்கறது பந்தயம். என்ற ஆளு மணிக்கு எத்தனை பேரு எறங்கறான், அவன்ற ஆளு எப்ப எத்தனை பேரு வந்து சேர்றான். கப்பல் எத்தனைன்னு எண்ணாத, எறங்கற வேகத்தை எண்ணு.

கப்பல் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்குது. 40 படகு, படகுக்கு 20 ஆளு, போய்த் திரும்ப ஒரு மணி நேரம். மணிக்கு 800 பேரு. 3,000 பேரும் நாலு மணி நேரத்துல கரையில. சரியா? இப்பக் குதிரை. 40-ல குதிரை ஏத்தற அகலம் உள்ள படகு 10-ன்னு வை, படகுக்கு ரெண்டு குதிரை, போக வர ரெண்டு மணி நேரம். மணிக்கு 10 குதிரை. 300-க்கு 30 மணி நேரம், பகல் 12 மணின்னா மூணாவது நாள் மத்தியானம் ஆயிடும். அதுக்கப்புறமும் கால் மரத்துப்போன குதிரை ஒரு டர்ன் பாதிப் பலம்தான். குதிரையை நம்பி முதல் நாள் சண்டை போடற ஆட்டக்காரன் அங்கயே தோப்பான்.

இதை மாத்தறது கப்பலோட வடிவம். வெனிஸ் குதிரைக் கப்பல்ல பக்கத்துல கதவு, கடல்ல போறப்ப அடைச்சுப் பூசிடுவாங்க. 1203 ஜூலை 5 கான்ஸ்டான்டிநோபிள் எதிர்க்கரையில கலாத்தாகிட்ட கதவைத் தெறந்து பாலம் போட்டுக் குதிரையை நேரா எறக்கினாங்க. ஆட்டத்துல கதவுக் கப்பலுக்குக் குதிரை எறக்கற வேகம் நாலு மடங்கு, விலை ரெண்டு மடங்கு, கொள்ளளவு கம்மி.

அடுத்தது அலை. சோழ மண்டலக் கரையில ஐரோப்பியக் கப்பலோட படகு கரை அலையில சுக்கலாப் போயிடும். உள்ளூர் மசூலா படகு தாங்கும், ஏன்னா அது ஆணி அடிச்சதில்ல, கயித்துல தைச்சது, உள்ள குறுக்குச் சட்டம் கெடையாது, அலை அடிச்சா வளைஞ்சு கொடுக்கும். அதனால "உள்ளூர்ப் படகுக்காரன்"னு ஒரு வில்லை வை. கையில இருந்தா முழு வேகம், இல்லாட்டி மூணுல ஒண்ணு.

கடைசியா, கரையை விட்டு உள்ள போற வழி. இட்டேரியில (வேலிக்கு நடுவுல போற குறுகலான வண்டித்தடம்) ஒரு வண்டிக்கு அச்சு முறிஞ்சா பின்னால வர்ற அத்தனை வண்டியும் நிக்கணும், ரெண்டு பக்கமும் கள்ளி. 1944-ல பிரான்சு நார்மண்டியில ஒமாஹா கரையிலயும் மேட்டுக்கு ஏற அஞ்சே பள்ளம்தான், அது அடைபட்டதும் பின்னால வந்த வண்டியெல்லாம் மணல்லயே ஒட்டுக்கா நின்னுச்சு. ஒவ்வொரு கரைக்கும் "வாய்"னு ஒரு எண் போடு, 1-ல இருந்து 5 வரைக்கும். வாய் ஒண்ணுக்கு மணிக்கு 300 பேரு. 800 எறங்குது, வாய் 1-ன்னா 500 பேரு மணிக்கு மணி கரையில குவியறாங்க. குவிஞ்சு நிக்கறவன் சண்டையில பாதிதான்.

கடாரத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். பழைய கடாரம் இருந்த பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போற மெர்போக் ஆத்து முகத்துவாரம் அலையாத்திக் காடும் சேறும். இன்னும் தெற்கே, 1945 செப்டம்பர் 9 மலாயாவோட மோரிப் கரையில இந்திய–பிரிட்டிஷ் படை எறங்கறப்ப எதிரியே இல்ல, ஜப்பான் சரணடைஞ்சாச்சு. அப்பயும் வண்டியெல்லாம் சேத்துல பொதைஞ்சுது. எதிரி சுட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த ஒரு கரையை வெச்சே விதி எழுதிடலாம்.

ஜூன் 20

"பெரும்பாலும் நிக்கறதில்ல"ன்னு சொன்னதுல ஓட்டை இருக்குது. கி.மு. 55-ல சீசர் பிரிட்டனுக்குப் போனப்ப மேட்டுல ஆளு நின்னாங்க. வேற எடத்துக்குக் கப்பலைத் திருப்பினா, குதிரையும் தேருமாக் கரையோரமாவே கூட வந்துட்டாங்க. சுமைக்கப்பல் ஆழம் எச்சா இழுக்கற வகை, கரைகிட்ட வர முடியாம ஆளுங்க ஆயுதத்தோட ஆழத்துல குதிக்க வேண்டியதாப் போச்சு. போர்க்கப்பலைப் பக்கவாட்டுல கொண்டு போய்க் கவணும் அம்பும் விட்ட பொறகுதான் வழி கெடைச்சுது.

விதி: கரை கண்ணுக்குத் தெரியற கட்டத்துல பகல்ல போனா, எதிரியோட குதிரைப்படை கூடவே ஒரு கட்டம் நகரலாம். ஆழ்கடல்ல சுத்தி வந்தா நகர முடியாது, ஆனா எறங்கற எடம் ஒரு கட்டம் தப்பறதுக்கு ஆறுல ரெண்டு வாய்ப்பு. அப்படியே போர்க்கப்பலுக்கும் ஒரு வேலை கெடைக்குது: எறங்கறப்ப பக்கத்துல நின்னா குவிஞ்சவங்களுக்குப் பாதிப் பலம்ங்கற தண்டனை இல்ல.

ஜூன் 24

எறங்கிட்டா கதை முடிஞ்சுதுன்னு எல்லா ஆட்டமும் கப்பலை மறந்துடும். சீசரோட எதிரி அதுக்கப்புறம் கடல்தான். எறங்கி நாலாம் நாள், குதிரை ஏத்தி வந்த 18 கப்பல் கரை தெரியற தூரத்துல புயல்ல செதறிப் போச்சு. அன்னிக்கே பௌர்ணமி ஓதம், இழுத்துப் போட்ட போர்க்கப்பல்ல தண்ணி நெறைஞ்சுது, 12 கப்பல் ஒண்ணுக்கும் ஆகாமப் போச்சு. அடுத்த வருசம் தாழ்வா, அகலமாக் கப்பல் கட்டி 800-க்கு மேல கொண்டு போனாரு, அப்பயும் 40 போச்சு. மிச்சத்தை மேட்டுக்கு இழுத்துக் கோட்டைக்குள்ள வெக்க ராப்பகலா 10 நாள். உன்ற ஆட்டத்துல ரெண்டு டர்ன். ஆட்டக்காரன் இழுத்து வெக்கறானா, உள்ள ஓடறானான்னு அவனே முடிவு பண்ணட்டும்.

இன்னொண்ணு, திரும்பற தண்ணி. போறதுக்கு 180 டன்னு கணக்குப் போட்டேனே, திரும்பறதுக்கும் அதே வேணும். ஆளு ஒரு நடைக்கு 20 லிட்டர் தூக்கினா 9,000 நடை. 500 பேரை விட்டா ஆளுக்கு 18 நடை. ஆறு பக்கத்துல இருந்தா ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் அந்த 500 பேரு சண்டையில இல்ல. நடுவுல நிக்கோபார்ல (மெய்க்கீர்த்தியோட மாநக்கவாரம்) நின்னு தண்ணி புடிச்சா அங்க போய்ச் சேர்ற வரைக்கும் மட்டும் தண்ணி ஏத்தினாப் போதும், ஆளை எச்சா ஏத்தலாம். அந்தத் தீவுக்கு ஆட்டத்துல மதிப்பு வர்றது இதனால. வேற எந்த போனஸும் வேண்டாம்.

வெற்றிப் புள்ளியையும் மாத்து. ஊரைப் புடிச்சு வெச்சாத்தான் புள்ளின்னா யாரும் இவ்வளவு தூரம் போக மாட்டாங்க. 1025-ல நடந்தது அடிச்சுட்டுத் திரும்பற வேலை. அரசனைச் சிறை எடுத்தா புள்ளி, வித்தியாதர தோரணத்தை (எதிரி நகரத்து வாசல் தோரணம்) நாகப்பட்டினத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தா புள்ளி. கடல்ல முழுகிப்போனா இல்ல.

ஜூலை 2

தம்பி இப்ப ஏஐ பத்திக் கேக்கறான். கம்ப்யூட்டர் ராஜா கப்பல் ஓட்டத் தெரியாம நிக்கறதாலதான் பல கேம் கப்பலையே தூக்குச்சுன்னு என்ற எண்ணம்.

வழக்கமாக் கெடறது இப்படி. படை துறைமுகத்துல கப்பலுக்குக் காத்திருக்கும். கப்பல் படை வந்து சேரட்டும்னு வேறெங்கயோ காத்திருக்கும். ரெண்டும் சாகற வரைக்கும் கம்முனு நிக்கும். இல்லாட்டிப் பாதிப் படை ஏறினதும் கப்பல் பழுது பார்க்கப் போயிடும். இல்லாட்டி 500 பேரை எறக்கிட்டு மிச்சத்தை எடுக்கத் திரும்பறதுக்குள்ள அந்த 500-உம் காலி.

மருந்து ஒண்ணுதான்: படைக்கும் கப்பலுக்கும் தனித்தனி மூளை கூடாது. "பயணம்"னு ஒரு ஆப்ஜெக்ட் உண்டாக்கி ரெண்டையும் அதுக்கு எழுதிக் குடுத்துடு. பயணம் முடியற வரைக்கும் வேற எந்த மாட்யூலும் அவங்களைத் தொடக்கூடாது. நிலை அஞ்சு: சேர்றது, ஏத்தறது, போறது, எறக்கறது, திரும்பறது. ஒவ்வொண்ணுக்கும் கெடு வை. 6 டர்ன்ல நூத்துக்கு 70 சேரலைன்னா ரத்து. கடல்ல ஒவ்வொரு டர்னும் ஒரே கேள்வி: மிச்சத் தண்ணி நாள், பக்கத்துத் துறைக்கு ஆகற நாளோட 2 கூட்டினதை விடக் கம்மியா? ஆமான்னா திரும்பு. எறக்கற நிலைக்கு வந்தாச்சுன்னா மட்டும் ரத்தே கெடையாது, முடிச்சே ஆகணும். பாதியில திரும்பற ஏஐதான் எல்லாத்துலயும் கேவலம்.

வழி கண்டுபுடிக்கற புரோகிராம்ல ஏத்த 3 நாள், எறக்க 3 நாள் செலவைக் கரைக் கட்டத்தோட எல்லையில சேர்த்துடு. கடல் கட்டத்துல சேர்க்காத. சேர்த்தா ஒவ்வொரு கட்டத்துக்கும் 3 நாள் கூட்டிட்டே போகும்.

ஜூலை 3. சூலூர்த் தம்பி

அண்ணா, தலை சுத்துதுங்க. தண்ணி, அலை, வாய், கதவு, படகுக்காரன்... இதையெல்லாம் போட்டா வெளையாடறவன் ஓடிப்போயிடுவான். நான் கேட்டது கப்பலைத் தூக்கலாமான்னுதான்.

ஜூலை 3, ராத்திரி

ஞாயம்தான். நானே எச்சாப் போயிட்டேன்.

கப்பலைத் தூக்கு. நெசமாத்தான் சொல்றேன். 1959-ல வந்த டிப்ளமசி போர்டு கேம்ல சுமைக்கப்பலே கெடையாது. கடல் கட்டத்துல நிக்கற கப்பற்படை ஒரு பாலம், சங்கிலியா நின்னா படை ஒரே மூச்சுல அக்கட்ட போயிடும், நடுவுல ஒரு கட்டத்துல கப்பற்படையைத் தள்ளிட்டா பயணம் ரத்து. கப்பலை எண்ணாமலே கடலை ஆளறவன் யாருன்னு சொல்லிடுச்சு.

நீ திரையில காட்ட வேண்டியது ரெண்டே எண். தண்ணி நாள், எறங்கற வேகம். குதிரை ஏத்தினா தண்ணி நாள் சரசரன்னு குறையறது கண்ணுல தெரியட்டும், ஏன்னு கேக்கறவன் மேல சுட்டியை வெச்சாக் கணக்கு விரியட்டும். அலை, வாய், படகுக்காரன், கதவு எல்லாம் எறங்கற வேகத்துக்குள்ள பெருக்கலா ஒளிஞ்சுக்கட்டும். காத்துக்கு எண்ணே வேண்டாம், மாசத்துக்கு மாசம் கடல் மேல அம்புக்குறி திரும்பினாப் போதும். வரிசைப்படி ஏத்தறது மட்டும் ஆட்டக்காரன் கையிலயே இருக்கட்டும், அதுல தப்புப் பண்றதுதான் ருசி.

ஜூலை 9

தம்பி அனுப்பின மேப்பைப் பார்த்தேன். மூணு திருத்தம். மெர்போக் முகத்துவாரத்துக்கு வாய் 3 போட்டிருக்கே, 1 போடு. திருகோணமலையில புயல் உருட்டுது, எடுத்துடு. நிக்கோபார்ல தண்ணி புடிக்க ஒரு டர்ன் ஆகணும், இப்ப நின்னதும் நெறையுது.

அப்பறம் ஒண்ணு, "நெருக்கி ஏத்தல்"ல சீட்டுக் குலுக்கற புரோகிராம் ஒவ்வொரு தடவையும் ஆனையைத்தான் முதல்ல எறக்குது. ரேண்டம் விதையை (குலுக்கல் ஆரம்பிக்கற எண்ணை) பாரு.